அமலி சவுண்ட் சர்வீசும் வருகின்ற வெள்ளிக்கிழமையும்

அந்தோணிமுத்துவின் குரலை அறியாதவர் அந்தத் தாலுகாவில் இல்லை. ஆனால் அவர் பேசிக் கேட்டவரும் இல்லை. "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." அத்துடன் சரி. நாலு என்று அவர் சொன்னதாக வரலாறு கிடையாது. நாலாவதாகப் பேச வேண்டியவர் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருப்பார். மூன்றோடு இறங்கிக்கொள்வதுதான் மைக்செட்டுக்காரன் தொழில் தர்மம்.

அவர் அப்பா பண்ணையில் மாடு கட்டியவர். பண்ணை அவருக்கு வெட்டாற்றுக் கரையோரம் ஒரு திடலைக் காட்டி, "இங்க குடிசை போட்டுக்க" என்று கையை நீட்டியது. எவ்வளவு தூரத்துக்கு நீட்டியது என்பதை யாரும் அளக்கவில்லை. அந்தக் குடிசையில்தான் அந்தோணிமுத்து பிறந்தார், அமலியைக் கட்டினார். ஒரு வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்குத் திருச்சியிலிருந்து வந்த மைக்செட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, வயரைப் பிடித்துக்கொள்ள ஆள் தேடினார்கள். பிடித்தவர் விடவில்லை. அமலியின் தோடு ஆம்பிளிபயராக மாறியது. பிராயச்சித்தமாகப் பெட்டியின் மேல் 'அமலி சவுண்ட் சர்வீஸ்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதினார்.

"பேரு மட்டும் எனக்கு. காதுல ஒண்ணுமில்ல" என்பாள் அமலி.

பெட்டியின் முகப்பில் மாதா படம் ஒட்டியிருக்கும். ஆளுங்கட்சிக் கூட்டமென்றால் அதன் மேல் கட்சித் துண்டு. மறுநாள் செங்கொடிச் சங்கத்தார் கூட்டமென்றால் சிவப்புத் துணி. பண்ணையின் ஐயனார் கோயில் குதிரை எடுப்புத் திருவிழாவென்றால் மூன்று விரலால் விபூதிப்பட்டை. டெல்டாவில் எல்லோரும் எல்லோரோடும் மல்லுக்கு நின்ற அந்த எழுபதுகளின் தொடக்கத்தில், எல்லாக் கட்சிக்கும் பொதுவான உறுப்பினர் என்று அந்த ஆம்பிளிபயரை மட்டும்தான் சொல்ல முடியும்.

இனி எம்.எல்.ஏ.

நாகநாதன் நல்ல எம்.எல்.ஏ. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அப்படித் தோன்றினால் அது கேட்பவர் சுபாவம். ஓட்டு வாங்கிய பிறகும் ஊர்ப்பக்கம் வருகிறவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அதையே அவர் மீது குற்றச்சாட்டாகவும் சொல்வார்கள். மாதம் தவறாமல் ஊர் ஊராகப் போய், அரசாங்கம் என்ன செய்தது, எந்த ஆபீசில் எதைக் கேட்கலாம் என்று மரத்தடியில் நின்று ஒப்பிப்பார். சாலை, தெருவிளக்கு, உரம், மருத்துவச்சி நியமனம் எல்லாம் அதில் வரும். 'நாட்டு நடப்பும் நம் தொகுதியும்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். எதுகை மோனை இல்லாமல் அவருக்குக் கொட்டாவியும் வராது.

அந்தப் புரட்டாசியில் சட்டசபை கூடியது. அவர் மெட்ராஸ் போக வேண்டும். இங்கேயோ தலைபோகிற செய்தி ஒன்று சொல்லாமல் கிடந்தது.

செய்தி இதுதான்: பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. தாலுகா ஆபீசில் ஒரு நாள் முகாம். மனுக் கொடுத்தால் பட்டா. அந்த நாளில் இதன் அர்த்தம் சின்னதல்ல. கூலி கேட்டால் குடிசை போகும். குடிசை போகும் என்றால் எவரும் கூலி கேட்கமாட்டார். இதுதான் பல பண்ணைகளில் எழுதாத சட்டமாக இருந்தது. எழுதிய சட்டம் ஒன்று இப்போதுதான் அதன் குறுக்கே வந்து நின்றது.

அமலிக்கு அது தொண்டைவரை வந்த விஷயம். அவள் பண்ணையில் நடவுக் கொத்தின் தலைவி. அவள் வரப்பில் இறங்கினால் இருபது பெண்கள் இறங்குவார்கள். அவள் குலவையிட்டால் இருபது பேரும் குலவையிடுவார்கள். அந்த வருஷம் அவள் குலவையிடுவதற்கு முன்னால், கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டுவிட்டாள். பண்ணையின் காரியஸ்தர் துரைராசு கோபப்படவில்லை. அரைப்படியைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்:

"அறுப்பு முடிஞ்சதும் அந்தத் திடல்ல களம் போடப் போறோம் அமலி. வேற எடம் பாத்துக்க."

ஆக, அறுப்புக்குள் பட்டா. இல்லையென்றால் களம்.

எம்.எல்.ஏ. கதைக்குத் திரும்பலாம். முத்துப்பேட்டையிலிருந்து அந்தத் தொகுதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த லத்தீஃபா என்ற அம்மாளின் ரேஷன் கார்டுச் சிக்கலை நாகநாதன் தீர்த்துவைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த அவள் கணவர், நன்றிக்கு ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு சக்கரம் சுற்றும் பெட்டி. நாகநாதன் அதைக் கண்டதும், தான் இல்லாமலே தான் பேச முடியும் என்று புரிந்துகொண்டார். அரசியல்வாதிக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

திங்கட்கிழமை காலை வீட்டில் ஒலிப்பதிவு. கிளைச் செயலாளர் கோவிந்தராசு ஜன்னலைச் சாத்தினார். அந்தோணிமுத்து மைக்கைப் பிடித்தார். நாகநாதன் தொண்டையைச் செருமினார்.

"வயலிலே வாடும், வறுமையிலே வதங்கும், வாழ்வுக்காக ஏங்கும் என் வாஞ்சைமிகு வாக்காளப் பெருமக்களே! வருகின்ற வெள்ளிக்கிழமை, வட்டாட்சியர் வாசலிலே, மனைப்பட்டா வழங்கும் விழா! வாருங்கள், வாரி அணைக்கிறது அரசு! வராதிருந்தால் வாய்ப்பு வராது!"

கோவிந்தராசு மெதுவாகக் கையைத் தூக்கினார். "அண்ணே, தேதியயும் சேத்துச் சொல்லிடுங்களேன்."

"தேதியா?"

"ஆமாண்ணே. சனங்க கொழம்பிடும்."

"ஏய்யா, வருகின்ற, வெள்ளி, வட்டாட்சியர், வாசல்... எப்படி ஓடுது பாரு. நடுவுல தேதியக் கொண்டுபோயி வச்சா எதோடய்யா சேரும்? பாயசத்துல பாகக்கா போட்ட மாதிரி."

"இல்லண்ணே, ஒரு இதுக்கு..."

"அதான் வெள்ளிக்கிழமைன்னு தெளிவா சொல்லிட்டேன்ல? வாரத்துல ஒரு வெள்ளிதானய்யா."

அதற்கு மறுப்பில்லை. வாரத்தில் ஒரு வெள்ளிதான். நாகநாதன் ரயிலேறினார். பெட்டி அந்தோணிமுத்துவிடம் வந்தது.

தொகுதியோ பெரிது. மைக்செட்டோ ஒன்று. நடவுக் காலத்தில் பகலில் எந்த ஊரிலும் ஆள் இருக்காது. பெண்கள் கரையேறிக் கால் கழுவி வரும் நேரத்தில் போனால்தான் கூட்டம். ஆகவே பொழுதுக்கு ஓர் ஊர். வாடகை மாட்டுவண்டியில் பாட்டரி, ஆம்பிளிபயர், டேப், இரண்டு குழாய். மரத்தில் ஏறி ஒரு குழாயைத் தெருப்பக்கமும் மற்றதைக் காலனிப்பக்கமும் கட்டுவார். எந்தப் பக்கம் முதலில் கட்டினார் என்று சண்டை வராத ஊர் அப்போது குறைவு. பிறகு ஒன், டூ, த்ரீ. பிறகு எம்.எல்.ஏ.

மூன்று ஊர் முடிந்ததுமே நாகநாதன் சொன்ன வெள்ளிக்கிழமை வந்து, போயும்விட்டது.

அந்தோணிமுத்துவுக்கு அது தெரியாது. அன்றைக்கு அவர் வேறோர் ஊரில் சடங்கு வீட்டுக்கு மைக் கட்டியிருந்தார். தவிர, மைக்செட்டுக்காரன் எதையும் காதில் வாங்குவதில்லை. சத்தம் சரியாக வருகிறதா, இரைகிறதா என்று பார்ப்பான். விஷயம் அவனைத் தாண்டிப் போய்விடும். கல்யாணத்துக்குச் சமைக்கிறவர் பந்தியில் உட்காருகிறாரா?

அதற்கு முன்னால் வியாழக்கிழமை, பழைய சோற்றைப் போட்டுக்கொண்டே அமலி கேட்டிருந்தாள்:

"எல்லா ஊருக்கும் சொல்றீங்களே, நம்ம எப்பப் போறது? நாளைக்கு வெள்ளி."

"வர்ற வெள்ளின்னு சொல்லியிருக்காரு."

"அதான் நாளைக்கு."

"நாளைக்குன்னா நாளைக்குன்னு சொல்லிட்டுப் போயிருப்பாருல்ல? படிச்ச மனுசன். இன்னும் பத்துப் பன்னெண்டு ஊரு பாக்கி கெடக்கு. அவ்வளவு ஊருக்கும் சொல்லாம முகாமு எப்படிப் போடுவாங்க? சொல்லி முடிச்சாத்தான் வெள்ளி வரும்."

அமலி யோசித்தாள். அரசாங்கத்துக்கு அறிவிருந்தால் இவர் சொல்வதுதான் நியாயம். சம்மதித்துவிட்டாள்.

அந்த முதல் வெள்ளிக்கு மூன்று ஊர்க்காரர்கள் மட்டும் வந்தார்கள். அதிலும் பாதிப்பேர் நடவுக்குத் திரும்பிப் போனார்கள். தாசில்தார் மனுக்களை வாங்கி, 'பொதுமக்களிடையே ஆர்வம் குறைவு. முகாம் இனிது நிறைவுற்றது' என்று எழுதி மூடினார்.

அடுத்த வெள்ளி காலை அவர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது வாசலில் நான்கு ஊர் நின்றது.

"என்னம்மா விஷயம்?" என்றார், முன்னால் நின்ற ரெங்கம்மாளிடம். ரெங்கம்மாள் அந்தத் தாலுகாவில் எந்த வரிசை நின்றாலும் முதலாவதாக நிற்பவள்.

"முகாமுங்க."

"முகாம் போன வெள்ளியே முடிஞ்சிட்டதே."

"இல்லீங்க. இன்னிக்குத்தான். எம்மெல்லே சொன்னாருங்க."

"எப்ப சொன்னாரு?"

"நேத்து சாயங்காலங்க."

"நேத்தா? அவர் மெட்ராஸ்ல இல்ல இருக்காரு?"

"அது எங்களுக்கு எப்படிங்க தெரியும்? நேத்து எங்க ஊருல பேசுனாருங்க."

"நீ பாத்தியா?"

"பாக்கலீங்க. புளியமரத்துலேருந்து பேசுனாரு."

தாசில்தார் ரெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணில் ஒரு கள்ளச் சிரிப்பு ஓடியதா இல்லையா என்பது இன்றுவரை தீரவில்லை. டேப் ரிக்கார்டர் என்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மரத்தடியில் அந்தோணிமுத்துவிடம் அவளே சொல்லியிருந்தாள்: "ஆளு நேருல வந்தாலும் இப்படித்தாம்ப்பா. அவரு பேசுவாரு, நம்ம கேட்டா பதில் வராது. பொட்டிக்கு மால போட வேண்டாம், அது ஒண்ணுதான் மிச்சம்."

தாசில்தார் கணக்குப் போட்டார். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. முகாமை நீட்டிக்கச் சொல்லி மேலே பேசியிருக்கலாம். உத்தரவு வழியில் இருக்கலாம். 'நீட்டிப்பு உண்டா' என்று கேட்டு எழுதினால், தெரியாத தாசில்தார் என்று ஆகும். இல்லை என்று விரட்டினால், ஏழைகளை விரட்டிய தாசில்தார் என்று ஆகும். உத்தியோக வாழ்க்கையில் கற்ற ஒரே பாடத்தை அவர் நினைவுக்குக் கொண்டுவந்தார்: குழப்பம் வந்தால் தள்ளிப்போடு.

"அடுத்த வெள்ளி வாங்க" என்றார்.

அவ்வளவுதான். இதுவரை மரம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது தாலுகா கச்சேரியும் சொல்லிவிட்டது.

மூன்றாம் வெள்ளிக்குப் பத்து ஊர். பட்டாணிக் கடை, ரங்கராட்டினம், மனு எழுதிக்கொடுக்கும் இரண்டு பேர். அதில் ஒருவர் போன வாரம்வரை ஜாதகம் எழுதியவர். தாசில்தார் வேறு வழியில்லாமல் பந்தல் போட்டு மனு வாங்கினார். 'சட்டமன்ற உறுப்பினர் அவர்களின் அறிவிப்பின்படி முகாம் தொடர்கிறது' என்று மேலே எழுதினார். மேலே இருந்தவர், எம்.எல்.ஏ.வும் தாசில்தாரும் பேசிக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து முத்திரை வைத்தார். மெட்ராசில் நாகநாதன், தொகுதியில் தன்னுடைய தொடர் முகாம் வெற்றிநடை போடுவதைப் பத்திரிகையில் படித்து ஆச்சரியப்பட்டார். சட்டசபை வராந்தாவில் பலரும் கை கொடுத்தார்கள். எதற்கென்று முழுக்கப் புரியாவிட்டாலும், நீட்டிய கையைப் பிடிக்காமல் இருப்பது பண்பல்ல.

கூட்டம் கத்துகிறதென்று தாசில்தார் மைக் வைக்கச் சொன்னார். வந்தது அமலி சவுண்ட் சர்வீஸ். ஆக, மூன்றாம் வெள்ளியும் நான்காம் வெள்ளியும் அந்தோணிமுத்து முகாமிலேயே இருந்தார். காலையில் ஒன், டூ, த்ரீ. பிறகு ஊர் ஊராகப் பெயர் கூப்பிடுகிற குமாஸ்தாவுக்குச் சத்தத்தை ஏற்றுவது, இறக்குவது. சொந்த மனுவை மட்டும் கொடுக்கவில்லை.

"அடுத்தவன் வேலையில நின்னுக்கிட்டு நம்ம வேலயப் பாக்குறது முறையா?" என்றார்.

"அப்ப எப்ப?" என்றாள் அமலி.

"வர்ற வெள்ளி மைக் இல்லாம போவோம்."

"போன வெள்ளியும் இதத்தான் சொன்னீங்க."

"அதேதான். மாத்தியா சொல்றேன்?"

அமலிக்கு முதன்முறையாகச் சந்தேகம் வந்தது. இந்த மனிதர் எம்.எல்.ஏ. பெட்டியோடு பழகிப் பழகி அதைப் போலவே ஆகிவிட்டாரோ?

ஐந்தாம் வெள்ளிக்கு முந்தின நாள் நாகநாதன் ஊர் திரும்பினார். ரயிலடியில் மாலை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கோவிந்தராசுவைக் கேட்டார்:

"நான் எந்த வெள்ளிக்கெழமையய்யா சொன்னேன்?"

"வர்ற வெள்ளிண்ணே."

"அது போயிடிச்சேய்யா?"

"போகலண்ணே. வந்துக்கிட்டே இருக்கு."

டேப்பைப் போடச் சொல்லிக் கேட்டார். முதல் தடவை காரணத்துக்காகக் கேட்டார். இரண்டாம் தடவை குரலுக்காகக் கேட்டார். பிறகு, மனிதர் கெட்டிக்காரர், விஷயத்தைப் பிடித்துவிட்டார். தன் பெயரால் நடக்கும் முகாமைத் தான் தொடங்கவில்லை என்று சொல்ல முடியாது. தொடர்ந்து நடத்தவும் முடியாது. கலெக்டர் ஆபீசிலிருந்து, ஒருநாள் முகாம் எத்தனை நாள் நடக்கும் என்று விளக்கம் கேட்டு வந்திருந்தது. ஒரே வழி, தானே போய் முடித்துவைப்பது.

வெள்ளிக்கிழமை பந்தலில் ஏறினார். அந்தோணிமுத்து மைக்கைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பெட்டியடியில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில், மனுக்களுக்கு ஆட்சேபணை சொல்வதற்கென்று வாரம் தவறாமல் வருகிற துரைராசு வெற்றிலைச் செல்லத்தோடு நாற்காலியில் இருந்தார்.

"முடிவிலா முகாம் என்று முணுமுணுப்போர் முகம் சுருங்க, முத்தாய்ப்பு வைக்கிறேன்!" என்று தொடங்கினார் நாகநாதன். பத்து நிமிஷம் கழித்து விஷயம் வந்தது. "இன்றே இறுதி! இன்று மாலை ஐந்து மணி! இனி ஒரு வெள்ளி இல்லை!"

அந்தோணிமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கில் வந்த ஒரு பேச்சைக் காதில் வாங்கினார்.

எழுந்தார். வேலை நேரம், முறை எல்லாம் மறந்து தாசில்தார் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, என் மனையும் இருக்குங்க. வெட்டாத்தங்கரைத் திடலு."

துரைராசு எழுந்திருக்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றினார்.

"ஆட்சேபணை. சட்டம் வெவசாயத் தொழிலாளிக்கு. இவன் மைக்செட்டுக்காரன். ஏம்ப்பா அந்தோணி, நீ நாத்துக்கட்டத் தூக்கி எத்தன வருசமாச்சு?"

அந்தோணிமுத்து பொய் சொல்லிப் பழகாதவர். பேசியே பழகாதவர். "பத்திருக்குங்க" என்றார்.

"பாத்தீங்களா?" என்றார் துரைராசு.

தாசில்தாருக்கு முகம் வாடியது. ஆனால் சட்டம் அப்படித்தான் இருந்தது. "வீட்டுல வேற யாராச்சும் வயல் வேலை பாக்குறாங்களா?"

"அமலி பாக்குதுங்க. பண்ணையிலதாங்க. நடவுக் கொத்துத் தலைவி."

"அமலியா?" துரைராசு சிரித்தார். "அந்தப் பொம்பள எங்க பண்ண வயல்ல கால் வச்சதே கெடயாதுங்க. ஏதோ நெல்லு பொறுக்க வரும், போகும்."

"அம்மா நேர்ல வந்து சொல்லட்டும்" என்றார் தாசில்தார். "அஞ்சு மணிக்குள்ள."

மணி நாலரை. கச்சேரி இக்கரையில், பண்ணை வயல் அக்கரையில். பாலத்தைச் சுற்றி ஓடிப்போய்க் கூட்டிவர நேரம் காணாது. அந்தோணிமுத்து பந்தலைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார். மரத்தில் ஏறி, கச்சேரியைப் பார்த்துக் கட்டியிருந்த குழாயை அவிழ்த்து, ஆற்றுப்பக்கம் திருப்பிக் கட்டினார். இறங்கினார். நாகநாதன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இடைவெளியில் மைக்கை எடுத்தார்.

"ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன். டூ. த்ரீ."

கூட்டம் திரும்பவில்லை. அது தினமும் கேட்பது. நாகநாதன்கூட, தொடர்ந்து பேசத்தான் அழைக்கிறார்கள் என்று எழுந்தார்.

"அமலி" என்றது மைக்.

கூட்டம் திரும்பியது.

"அமலி, நாந்தான். வந்துரு. இன்னிக்குத்தான் வெள்ளிக்கெழம. இதான் கடைசி. அஞ்சு மணிக்கு மேல இல்லயாம். நீ சொன்னதுதான் சரி, நான்தான் கேக்கல. அப்படியே வா. காலக் கழுவாத. வந்துரு."

அவ்வளவு நீளமாக அவர் மைக்கில் பேசியதில்லை. மைக்கை வைத்துவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கரையில் அமலி நாற்று முடியோடு நிமிர்ந்தாள். புருஷன் குரல் வானத்திலிருந்து வந்தால் எந்தப் பெண்ணும் குழம்பத்தான் செய்வாள். ஆனால் அதில் 'நீ சொன்னதுதான் சரி' என்று ஒரு வார்த்தை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து கேட்காத வார்த்தை. ஏதோ விபரீதம் என்று புரிந்து கரையேறினாள். கொத்துத் தலைவி கரையேறினால் கொத்து கரையேற வேண்டும். அது அந்த வட்டாரத்து நடவில் மாறாத வழக்கம். இருபது பெண்களும் ஏறினார்கள். எங்கே, எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

கால்மணி நேரத்தில் பண்ணையாள் ஒருவன் சைக்கிளில் பாய்ந்து வந்தான்.

"காரியஸ்தரே! நடவாளுவ பூரா கரையேறிட்டாளுவ! வயலு பாதியில நிக்கிது!"

துரைராசு துள்ளி எழுந்தார். பாலத்துப்பக்கம் பார்த்தார். முழங்காலளவு சேற்றோடு ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது, முன்னால் அமலி. மாலைக்குள் அந்த வயல் முடியவில்லையென்றால் மறுநாள் முறைத்தண்ணீர் வேறு மடைக்குப் போய்விடும். பறித்துப்போட்ட நாற்று கருகும். காரியஸ்தருக்கு அது ஒன்றுதான் கண்ணில் தெரிந்தது.

"ஏய் அமலி! யார கேட்டு ஏறுன? கொத்துத் தலைவி நீயே ஏறிட்டா மத்தவளுவ நிப்பாளுவளா? பத்து வருசமா எங்க பண்ணையில நட்டுக்கிட்டு இந்த முற தெரியாதா ஒனக்கு? நாத்து காயுது, எறங்குடி வயல்ல!"

அந்தக் குரல் வேப்பமரத்திலிருந்து புறப்பட்டு, கச்சேரி, கடைத்தெரு, ஆறு, அக்கரை, பண்ணை வயல் எல்லாவற்றிலும் மோதித் திரும்பி வந்தது.

மைக் எப்போது துரைராசுவின் வாய்க்கு நேராக நகர்ந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. அந்தோணிமுத்து அப்போது குனிந்து வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது.

தாசில்தார் பேனாவை எடுத்தார். "பத்து வருஷமா உங்க பண்ணையில நடுறாங்க. அப்படித்தானே சொன்னீங்க?"

துரைராசு வாயைத் திறந்தார். மைக்கைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"எளுதிக்குங்க சார், ஊரே கேட்டிச்சு" என்றாள் வரிசையில் முதலாவதாக நின்ற ரெங்கம்மாள். அவள் மனுக் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது, வேடிக்கைக்கு வந்திருந்தாள்.

அமலி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். காலடியில் சேறு வழிந்து சிமிண்டுத் தரையில் வட்டமிட்டது. "இன்னிக்கா முகாமு?" என்று புருஷனைக் கேட்டாள்.

"இன்னிக்கும்" என்றார் அந்தோணிமுத்து.

மனு அமலி பெயரில் பதிவானது. நாகநாதன் எழுந்து, அங்கே என்ன நடந்தது என்று தெளிவாகத் தெரியாவிட்டாலும், அதைத் தன் ஆட்சியின் சாதனை என்று அறிவித்தார். பெண்கள் ஆற்றில் கால் கழுவாமல் அப்படியே திரும்பிப் போய், மீதி வயலை நட்டு முடித்தார்கள். நாற்று என்ன பாவம் செய்தது என்றாள் அமலி.

தை பிறந்தது, அறுப்பு முடிந்தது. பட்டா வந்தது. களம் வேறு திடலுக்குப் போனது. வெள்ளிக்கிழமைதோறும் தாலுகா ஆபீசில் இன்னும் சிலர் வந்து நின்றுவிட்டுப் போவதாகச் சொல்வார்கள். எதற்கென்று கேட்டால், "முகாமுங்க" என்பார்களாம். இனி ஒரு வெள்ளி இல்லை என்று நாகநாதன் சொன்னது, அவருடைய பெட்டி சொன்னதைப்போல் எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை.

மாசியில் ஒரு நாள் துரைராசு திடலுக்கு வந்தார். முன்பெல்லாம் நேரே குடிசை வாசல்வரை வந்து சைக்கிள் மணியடிப்பவர், இப்போது பாதையோரத்திலேயே இறங்கிக்கொண்டார்.

"அந்தோணி இல்லயாம்மா?"

அமலி அந்த 'அம்மா'வை எங்கே வைப்பது என்று ஒரு நொடி தடுமாறினாள். "சர்ச்சுக்கு மைக் கட்டப் போயிருக்காரு. என்னங்க சேதி?"

"பொண்ணு கல்யாணம். ஒங்க செட்டுதான் வேணும். மத்த செட்டெல்லாம் சத்தம் பத்தல."

"எப்பங்க?"

"வர்ற வெள்ளிக்கெழம."

"தேதியச் சொல்லுங்க" என்றாள் அமலி.

சொன்னார். அவள் அதைத் திருப்பிச் சொல்லி, அவரையும் ஒரு தடவை சொல்லவைத்து, அப்புறம்தான் தலையாட்டினாள். "வெயில்ல நிக்கிறீங்களே. உள்ள வாங்க."

துரைராசு கீழே பார்த்தார். அமலியின் மனை எங்கே தொடங்குகிறது, பண்ணைப் பாதை எங்கே முடிகிறது என்று அங்கே கல் நடவில்லை. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தார். யோசித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். சைக்கிளைப் பிடித்தபடி, எந்தக் கால் யாருடைய மண்ணில் இருக்கிறது என்று தெரியாமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.